கூடம் கோணலாக இருந்தால்: வீட்டு ஸ்டீரியோவைச் சீராக்கச் சில எளிய வழிகள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாக்குச் சொல்கிறவர்களைக் கிண்டல் செய்யும் பழமொழி. ஆனால் இதையே வீட்டு ஸ்டீரியோ சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கலாம். பல வீடுகளில் ஆடுகிறவள் நன்றாகத்தான் ஆடுகிறாள். கூடம்தான் நிஜமாகவே கோணல்.

பாட்டு தெளிவாக இல்லை, பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, 'தும் தும்' என்று காதை அடைக்கிறது, பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல இருக்கிறது என்றதும் நாம் முதலில் சந்தேகப்படுவது ஸ்பீக்கரை. அடுத்து ஆம்ப்ளிஃபையரை. அப்புறம் வயரை. ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அதே 'தும் தும்' தொடர்வதைப் பார்த்து நொந்துபோனவர்கள் நிறையப் பேர். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு பங்குதான் நேராக நம் காதுக்கு வருகிறது. மீதி சுவர், கூரை, தரை, அலமாரிக் கண்ணாடி என்று எல்லாவற்றிலும் மோதிவிட்டுச் சில மில்லிவிநாடிகள் தாமதமாக வந்து சேர்கிறது. இரண்டும் கலந்த கலவையைத்தான் நாம் பாட்டு என்று கேட்கிறோம். அப்படிப் பார்த்தால் அறையும் ஸ்டீரியோவின் ஓர் உறுப்புதான். பெட்டியில் போட்டு யாரும் விற்கவில்லை என்பதால் அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறையை இடித்துக் கட்ட முடியாது, சரி. ஆனால் அறைக்குள் ஸ்பீக்கர் நிற்கும் இடத்தையும் நாம் உட்காரும் இடத்தையும் மாற்றலாம். அதற்கு வேண்டியது ஓர் அளவு டேப், அரை நாள் ஓய்வு, நன்றாகப் பழகிய இரண்டு மூன்று பாட்டுகள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் வேலைகளில் முக்கால்வாசிக்கு இவ்வளவு போதும்.

காதை ஏமாற்றாமல் கேட்பது

எதையும் நகர்த்துவதற்கு முன்னால், மாற்றம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்.

ஒரே ஒரு குரல் முன்னால் நிற்கிற பாட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கிற பாட்டு இன்னொன்று. இரண்டும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். புதிய பாட்டை வைத்துச் சோதித்தால் பாட்டு அப்படியா, ஸ்பீக்கர் அப்படியா என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான்.

ஒலியளவை மாற்றாதீர்கள். நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு: சற்றே சத்தமாக ஒலிப்பது எதுவாக இருந்தாலும் அது 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். சத்தம் குறையும்போது காதின் உணர்திறன் எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. அடிமட்ட பேஸ்தான் முதலில் காணாமல் போகும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும் அல்லவா, அது இந்தக் குறையைச் சரிக்கட்ட வந்ததுதான். மெல்லிய ஒலியில் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். சத்தமாக வைத்துவிட்டு அதையும் அழுத்தி வைத்திருந்தால் 'தும் தும்' கூடத்தான் செய்யும். இப்போதே எழுந்துபோய்ப் பாருங்கள், பல வீடுகளில் அது ஆண்டுக்கணக்காக அழுத்தியபடியே கிடக்கும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஸ்பீக்கரையும் நகர்த்தி, வயரையும் மாற்றி, விரிப்பையும் போட்டால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றியதும் ஒரு பாட்டு கேட்டுவிட்டு, பழைய நிலைக்குத் திருப்பி மறுபடி அதையே கேளுங்கள். வித்தியாசம் புரியவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பும் கறுப்பும்

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் வயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்பதை. ஆம்ப்ளிஃபையரில் இடது ஸ்பீக்கருக்கு ஒரு ப்ளஸ் (சிவப்பு), ஒரு மைனஸ் (கறுப்பு), வலது ஸ்பீக்கருக்கும் அப்படியே. ஸ்பீக்கரின் பின்னாலும் அதே போல இருக்கும். ப்ளஸ் ப்ளஸுக்கும் மைனஸ் மைனஸுக்கும் போக வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் மாறிவிட்டால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும். ஒன்று அழுத்திய காற்றை மற்றொன்று தளர்த்திவிடும். பேஸ் அலைகள் நீளமானவை என்பதால் அவைதான் இதில் அதிகம் அடிபட்டுப்போகும். நடுவில் நிற்க வேண்டிய குரலும் எங்கே இருக்கிறது என்று பிடிபடாமல் அறை முழுக்கக் கரைந்து கிடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, அது கேட்பதற்கு மோசமாக இருக்காது. 'விசாலமாக' இருப்பது போலக்கூடத் தோன்றும். என் வீட்டில் ஒருமுறை அறையைச் சுத்தம் செய்துவிட்டு மாற்றி மாட்டியவன் நானே, பல மாதம் அதைக் கவனிக்காமல் 'இந்த ஸ்பீக்கருக்கு மேடை (பாட்டு பரந்து நிற்பதாகத் தோன்றும் இடம்) பெரிது' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவனும் நானே.

சோதிப்பது எளிது. ஆம்ப்ளிஃபையரில் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள்; இல்லையென்றால் ஒருவர் மட்டும் பேசும் பதிவு எதையாவது ஓடவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களையும் அருகருகே கொண்டுவந்து வைத்துக் கேளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரைத் திருப்பி மாட்டி மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் கனமாகவும் குரல் கெட்டியாகவும் இருக்கிறதோ அதுதான் சரி. வயரைத் தொடும்போதெல்லாம் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். செம்பு இழை ஒன்று துருத்திக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்பின் கதை முடிந்துவிடலாம்.

இடமும் வலமும் மாறாமல் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

முக்கோணம்

இரண்டே ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனால் பாடகர் நடுவில், ஸ்பீக்கரே இல்லாத வெற்றிடத்தில் நின்று பாடுகிறார். இது எப்படி? இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளம்லைன் 1931-இல், தமது 28-ஆவது வயதில், இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். திரைப்படம் பார்க்கப் போனவர், திரையில் நடிகர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்று எரிச்சலானதில் பிறந்த யோசனை என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர 1950-களின் இறுதி ஆகிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். ஒரே ஒலி ஒரே அளவில், ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தால், மூளை அது நடுவிலிருந்து வருவதாக முடிவுகட்டிவிடுகிறது. ஒரு பக்கம் சற்று முந்தினாலோ கூடினாலோ பிம்பம் அந்தப் பக்கம் சாய்கிறது. எவ்வளவு முந்தினால் கெடும்? ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நீங்கள் ஒரு ஸ்பீக்கருக்கு 30 செ.மீ. மட்டும் அருகில் உட்கார்ந்திருந்தால், அதன் ஒலி 1 மில்லிவிநாடிக்கும் குறைவான நேரம் முன்னால் வரும். அந்தச் சொற்பமே போதும், பாடகர் நடுமேடையை விட்டு அந்தப் பக்கத்துப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆகவே டேப்பை எடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உங்கள் தலைக்கும் இடையே இருக்கட்டும். சமபக்க முக்கோணம். ஸ்பீக்கர்களுக்கு இடையே 2 மீட்டர் என்றால் உங்களுக்கும் 2 மீட்டர். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் பாதகமில்லை. ஆனால் இடமும் வலமும் உங்களிடமிருந்து சமதூரத்தில் இருப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்தே வையுங்கள்.

அடுத்தது உயரம். ஸ்பீக்கரில் மேலே உள்ள சின்ன வட்டம், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது இருக்கும் உயரத்துக்கு வர வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 10,000 அதிர்வு) ஒலியின் அலைநீளம் வெறும் 3.4 செ.மீ. இவ்வளவு குட்டை அலைகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். பக்கவாட்டில் அதிகம் பரவாது. ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் ஜால்ராவின் மினுமினுப்பு முழங்காலோடு நின்றுவிடும். ஸ்டாண்ட் இல்லையா? ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்குக் கீழே ஏதாவது ஒன்றைச் செருகி, முகம் உங்களைப் பார்க்குமாறு மேல்நோக்கிச் சாய்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உள்நோக்கித் திருப்புவதும் அதே கணக்குதான். ஸ்பீக்கர்கள் நேரே பார்த்தபடி இருந்தால் மேடை அகலமாக, மேல்ஸ்தாயி மென்மையாக இருக்கும். உங்கள் முகத்தைப் பார்க்கத் திருப்பினால் குரல் கூர்மையாகும். சிலருக்குக் கூர்மை பிடிக்கும், சிலருக்கு அது குத்தும். நான் தோள்பட்டைக்குச் சற்று வெளியே பார்க்கும்படி வைத்துக்கொள்கிறேன். இதில் சரி தவறு கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும்.

சுவரும் பேஸும்

இனி வருவதுதான் இருப்பதிலேயே பலன் அதிகம் தருகிற பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

மேல்ஸ்தாயி டார்ச் வெளிச்சம் என்றால் பேஸ் விளக்கில்லாத அறையில் மூட்டிய புகை. எல்லாப் பக்கமும் பரவும், ஸ்பீக்கரின் முதுகுப்பக்கமும் போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். பல வீடுகளில் அறையே அவ்வளவு நீளம் இருக்காது. பின்னால் போன பேஸ் சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் போகிற பேஸோடு சேர்ந்துகொள்கிறது. சுவர் மிக அருகில் இருந்தால் இரண்டும் கைகோத்து பேஸ் கூடும். சுவரை ஒட்டி வைத்தால் ஒரு மடங்கு கூடுதல் என்றால், இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் வைத்தால் மூன்று பக்கமும் சேர்ந்து தள்ளும். மூலையில் ஒதுக்கி வைத்த ஸ்பீக்கர் உறுமுவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் சுவரைவிட்டு எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லதா? அங்கேதான் சிக்கல். தள்ளத் தள்ள, திரும்பி வரும் அலை தாமதமாக வருகிறது. போய்வரும் தூரம் சரியாக அரை அலைநீளம் ஆகிற ஸ்வரத்தில், முன்னலை ஏறும்போது பின்னலை இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 2 மீட்டர். அது 4 மீட்டர் அலைநீளத்தின் பாதி. அதாவது 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் புழங்கும் இடம் அது. அரை மீட்டரில் வைத்தால் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் பக்கம் நகரும்; ஆண் குரலின் கனம் அங்கே இருக்கிறது.

பள்ளத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். அதனால்தான் 'சுவரிலிருந்து இத்தனை சென்டிமீட்டர்' என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நான் நம்புவதில்லை. உங்கள் அறை, உங்கள் ஸ்பீக்கர், உங்கள் காது. செய்யக்கூடியது இது: ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பியுங்கள். அந்தப் பேஸ் கிட்டார் பாட்டை ஓடவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் 10 செ.மீ. முன்னால் இழுத்து, உங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏறி இறங்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே பலத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் கத்தி, அடுத்தது விழுங்கப்பட்டால் இன்னும் நகர்த்த வேண்டும் என்று பொருள். வேலை முடிந்ததும் அதே பாட்டில் முன்பு கேட்காத ஸ்வரங்கள் கேட்கும்.

பக்கச் சுவர் விஷயத்தில் ஒரு சின்ன விதி உதவும். பின்சுவருக்கு எவ்வளவு தூரமோ அதே தூரம் பக்கச் சுவருக்கும் இருக்க வேண்டாம். இரண்டும் சமமாக இருந்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து பாதாளமாகிவிடும். ஒன்று 40 செ.மீ. என்றால் இன்னொன்று 70 இருக்கட்டும்.

அறையில் வேறு இடமே இல்லை, சுவரை ஒட்டித்தான் வைத்தாக வேண்டும் என்கிறீர்களா? உங்கள் ஸ்பீக்கரின் பின்னாலோ முன்னாலோ வட்டமான ஒரு துவாரம் இருக்கிறதா பாருங்கள். பேஸைக் கூட்டுவதற்காக விட்டிருக்கும் துவாரம் அது. அதில் நுரைப்பஞ்சைச் செருகி அடைத்தால் உறுமல் குறையும். சில ஸ்பீக்கர்களோடு அதற்கான அடைப்பானே வரும். அது கிடைக்காத நாளில் சுருட்டிய சாக்ஸ் போதும். சிரிக்க வேண்டாம், நன்றாகவே வேலை செய்கிறது. உள்ளே விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியையும் நகர்த்துங்கள்

ஸ்பீக்கரை நகர்த்துகிறவர்கள்கூட நாற்காலியைத் தொடுவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை முன்னும் பின்னும் போய்வரும்போது, அறையின் நீளம் சரியாக அரை அலைநீளம் ஆகும் ஸ்வரம் சிக்கிக்கொண்டு அங்கேயே நின்று ஆடும். 4 மீட்டர் அறைக்கு அது 43 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 86-உம் இருக்கும். இப்படி நிற்கும் அலை சுவரோரம் மிகப் பலமாகவும், அடிப்படை ஸ்வரத்துக்கு அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருக்கும். நம்பாவிட்டால் பாட்டை ஓடவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். பேஸ் ஓரிடத்தில் நெஞ்சில் இடிக்கும், நாலடி தள்ளி ஆளையே காணோம்.

பின்சுவரில் தலை சாய்த்து உட்காருவது ஒரு கோடி, நட்டநடுவில் உட்காருவது இன்னொரு கோடி. இரண்டும் வேண்டாம். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கைப் பலரும் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். 5 மீட்டர் அறையில் ஒரு சுவரிலிருந்து 1.9 மீட்டர். அது வேதவாக்கு இல்லை. அங்கே தொடங்கி முன்னும் பின்னும் ஓரடி நகர்ந்து பாருங்கள். நீளமும் அகலமும் சமமான சதுர அறைதான் உள்ளதிலேயே அடம்பிடிக்கும். இரண்டு பக்கத்து அலைகளும் ஒரே ஸ்வரத்தில் சிக்கிக்கொள்ளும். அங்கே ஸ்பீக்கரை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதைக்கூட மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

கைதட்டிப் பாருங்கள்

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'பட்' என்று நின்றுவிட்டால் நல்லது. 'பட்ர்ர்ர்' என்று உலோகத்தனமான ஒரு நடுக்கம் தொடர்ந்தால், வெறுமையான இரண்டு சுவர்கள் ஒலியைப் பந்தாடிக்கொண்டிருக்கின்றன.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் ஐந்து விநாடிக்கும் மேலாக அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் இரவு நேரங்களில் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்ற அந்தக் கணக்கிலிருந்துதான் அரங்க ஒலியியல் என்ற துறையே பிறந்தது. ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? கேட்கும்போது பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பதும் ஒரு 'ட்ரீட்மென்ட்'தான், அண்டைவீட்டார் பொறுத்துக்கொள்வதாக இருந்தால்.

உங்களுக்கு வேண்டியதும் சபைனின் மெத்தைகள்தான். ஆனால் எங்கே போடுவது? ஒருவரைச் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி நகரச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலியும் உங்களிடம் முதலில் திரும்பி வருகிறது. இடம், வலம் இரண்டு சுவரிலும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் அந்த இடம் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும். அங்கே கனமான விரிப்பு ஒன்று போட்டாலே குரல் ஒரு படி தெளியும். சுவரில் மடிப்புகளோடு தொங்கும் கனத்த திரை உதவும். ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி இன்னும் நன்றாக உதவும். அது ஒலியைக் கொஞ்சம் விழுங்கி மீதியைப் பல திசைகளில் சிதறடிக்கிறது. புத்தகங்களை வரிசையாக, ஒரே மட்டத்தில் அடுக்காமல் இருக்க இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. விட்டுவிடுங்கள். மெல்லிய நுரை ஓடுகளும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்: ஓரங்குல நுரை உருப்படியாக உறிஞ்சுவது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும். அறை முழுக்க ஒட்டினால் மினுமினுப்பு செத்துப்போய், உறுமல் அப்படியே இருக்கும். பேஸை அடக்க அகலமான, கனமான பொருள்கள் வேண்டும். பெரிய சோபாவும் மெத்தையும் இருக்கும் அறை வெற்று அறையைவிட நன்றாக ஒலிப்பது அதனால்தான்.

மேசை, வயர், ரீங்காரம்

ஸ்பீக்கரை மேசைமேல் வைத்திருந்தால் மேசையின் முன்விளிம்புவரை இழுத்து வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் ஒலி மேசைப்பலகையில் வழுக்கிக்கொண்டு வரும். பாட்டு ஓடும்போது பலகையைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதிர்ந்தால் மேசையும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம். அடியில் ரப்பர்த் துண்டுகளோ கெட்டியான நுரையோ வையுங்கள். அலமாரித் தட்டுக்குள் நுழைத்து வைத்த ஸ்பீக்கருக்கும் இதே வைத்தியம். முகத்தைத் தட்டின் விளிம்புக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

வயரைப் பற்றி உலகில் நடக்கும் சண்டைகளில் கலந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 5 மீட்டர் போட்டால், போய்வர 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தூரம் அதிகம், அல்லது ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 2.5 சதுர மி.மீ. போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவு செய்வது உங்கள் விருப்பம், காதுக்காக அல்ல. ஆனால் வயர் முனை கறுத்துப்போயிருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, இறுக்கி மாட்டுங்கள். விட்டு விட்டு வரும் கரகரப்பு பல நேரம் அதோடு போய்விடும்.

பாட்டு நின்ற பிறகும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு இடத்து எர்த்துகளுக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டம்தான் வழக்கமான குற்றவாளி. கரண்ட் வயரும் சிக்னல் வயரும் ஒட்டிக்கொண்டு ஓடினால் பிரித்துவிடுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நிற்கலாம், ஆனால் அந்தப் பின் உங்கள் உயிருக்காக இருக்கிறது.

பாட்டு வரும் வழி

பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குள் போய் ஒலித்தரத்தைப் பாருங்கள். டேட்டாவை மிச்சம்பிடிக்கும் நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபோனில் உள்ள 'பேஸ் பூஸ்ட்', '3டி' வகையறாக்களை அணைத்துவிடுங்கள். ஃபோனை வயர் மூலம் ஆம்போடு இணைத்திருந்தால் ஃபோனின் ஒலியளவை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதை ஆம்பில் செய்யுங்கள். ஃபோனில் பாதியாக்கி ஆம்பில் இரட்டிப்பாக்கினால் இடையில் உள்ள இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பழைய குறுந்தகடுகள் அலமாரியில் இருந்தால் அவற்றைத் தூசி தட்டலாம். 1982-இல் வந்த அந்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரம் இன்றும் காதுக்குத் தாராளம்.

குமிழ்களும் சப்வூஃபரும்

குமிழ்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இடம் சரியில்லாத ஸ்பீக்கரைக் குமிழால் திருத்த முயன்றால் முடிவே இராது. எல்லாம் சரியான பிறகு பேஸ், ட்ரெபிள் (மேல்ஸ்தாயி) குமிழ் இரண்டையும் நடுவில் நிறுத்திக் கேளுங்கள். ஸ்வரப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் அதைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். கத்துகிற ஸ்வரத்தைக் குறைத்தால் அடங்கும். ஆனால் அலைகள் ஒன்றையொன்று தின்ற பள்ளத்தை ஏற்றி நிரப்ப முடியாது. எவ்வளவு ஊற்றினாலும் பின்னலையும் அதே அளவு கூடி மறுபடி தின்றுவிடும். ஆம்ப்தான் மூச்சுத் திணறும். ஒலியளவை 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்றினாலே ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு.

சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர், வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. அதை நீங்கள் உட்காரும் இடத்தில், நாற்காலிமேலேயே தூக்கி வையுங்கள். பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கேளுங்கள். ஆம், தவழ்ந்துதான், காது சப்வூஃபர் இருக்கப்போகும் உயரத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாகக் கேட்கிறதோ, சப்வூஃபரைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்புங்கள். பேசுகிறவரும் கேட்கிறவரும் இடம் மாறினாலும் இடையில் உள்ள அலை மாறுவதில்லை என்பதால் இது பலிக்கிறது. கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழான ஒலியைச் சப்வூஃபர் ஏற்க வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அப்புறம் சப்வூஃபர் ஓடுவதே தெரியாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். அணைத்தால் ஏதோ குறைகிறது, போட்டால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்ற இடம்தான் சரியான இடம்.

இவ்வளவும் முடிந்ததும் ஸ்பீக்கரின் நான்கு மூலைகளையும் நாற்காலியின் கால்களையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த தடவை வீடு பெருக்கும்போது எல்லாம் நகரத்தான் போகிறது.